ஷேக்ஸ்பியரின் மாமியார் பெயர் என்ன? சாதாரண ஆங்கிலப் பெண்ணின் வம்சாவளியைத் தேடும் முறை

ஷேக்ஸ்பியரின் மாமியார் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் குடும்பத்தைத் தொட்ட ஒவ்வொரு துண்டுக் காகிதத்தையும் தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்துவிட்டார்கள். மனைவி ஆன் ஹாத்வேயின் அப்பா பெயர் கிடைத்தது. கூடப்பிறந்தவர்கள் பெயர் கிடைத்தது. அந்த வீட்டில் ஆடு மேய்த்தவரின் பெயர்கூடக் கிடைத்துவிட்டது. ஆன் ஹாத்வேயைப் பெற்றவளின் பெயர் மட்டும் எஞ்சியிருக்கும் எந்த ஆவணத்திலும் இல்லை.

இணையத்திலோ நிலைமை வேறு. 1500களில் வாழ்ந்த ஏதோ ஓர் ஆங்கிலக் கிராமத்துப் பெண்ணின் பெயரைத் தட்டினால் அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று வரிசையாகப் பெயர்கள் ஓடிவந்து, கடைசியில் ஒரு நார்மன் பிரபுவிடமோ அரசரிடமோ போய் நிற்கும். உலகமே தேடிய பெண்ணுக்குக் கிடைக்காத அம்மா, யாருமே தேடாத பெண்ணுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தாள்? இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பலர் அந்த மரங்களை நம்பிவிடுகிறார்கள். உண்மையான தேடல் எப்படி நடக்கிறது, எங்கே நின்றுபோகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். சாதாரணப் பெண் என்று இங்கே சொல்வது விவசாயி, கைவினைஞர், கூலிக்காரர் வீட்டுப் பெண்ணை. காலம் ஏறத்தாழ 1500 முதல் 1750 வரை.

## பெயர் கிடைத்தால் ஆள் கிடைத்துவிட்டாளா?

ஒரு தெருவின் பழைய வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் மு. லட்சுமி, வயது 22. பத்து வருடம் கழித்துப் பக்கத்து ஊர்ப் பட்டியலில் ச. லட்சுமி, வயது 32. இருவரும் ஒரே ஆளா? கல்யாணமாகி இனிஷியல் மாறியிருக்கலாம். சம்பந்தமே இல்லாத வேறொரு லட்சுமியாகவும் இருக்கலாம். இரண்டு பட்டியலையும் எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும் விடை வராது. கல்யாணப் பத்திரிகையோ சொத்துப் பத்திரமோ, இரண்டு லட்சுமிகளையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சொல்லும் மூன்றாவது காகிதம் ஒன்று வேண்டும்.

வம்சாவளித் தேடல் முழுவதும் இந்த ஒரே கேள்விதான். இந்த ஆவணத்தில் இருப்பவரும் அந்த ஆவணத்தில் இருப்பவரும் ஒருவர்தான் என்று நிறுவுவதை 'ஆவண இணைப்பு' என்பார்கள். மரத்தில் அப்பாவையும் மகளையும் சேர்க்கும் ஒவ்வொரு கோடும் ஓர் இணைப்பு. கோட்டுக்குப் பின்னால் ஆதாரம் இல்லையென்றால் அதற்கு மேலே எழுதப்பட்டிருப்பது முழுவதும் வேறொரு குடும்பத்தின் கதையாக இருக்கக்கூடும்.

அந்தக் கால இங்கிலாந்தில் இது இன்னும் சிக்கல். பெண்களுக்கு வைக்கும் பெயர்கள் மிகச் சில: எலிசபெத், மேரி, ஆன், மார்கரெட், ஜோன், ஆக்னஸ். எழுத்துக்கூட்டல் எழுதுபவரின் காதைப் பொறுத்தது. கல்யாணம் ஆனதும் குடும்பப் பெயர் மாறிவிடும். பதின்வயதிலேயே வேறு வீடுகளுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்குவது வழக்கம் என்பதால் பிறந்த ஊரும் மணந்த ஊரும் வேறாக இருப்பது சாதாரணம். பெண்கள் சராசரியாக இருபதுகளின் நடுவில்தான் மணம் செய்துகொண்டார்கள். ஆகவே ஞானஸ்நானப் பதிவுக்கும் கல்யாணப் பதிவுக்கும் நடுவே 25 வருட மௌனம் இருக்கும்.

சுருக்கமாக: பெயரைக் கண்டுபிடிப்பது எளிது. அந்தப் பெயருக்கு உரியவள் நாம் தேடுகிறவள்தானா என்று காட்டுவதுதான் வேலை.

## பங்குப் பதிவேடு

இங்கிலாந்தின் ஒவ்வொரு தேவாலயத்துக்கும் அதைச் சுற்றிய ஊர்களடங்கிய எல்லை ஒன்று உண்டு. கத்தோலிக்கர்கள் நம்மிடையே 'பங்கு' என்று சொல்வது அதைத்தான். 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு பங்கிலும் அந்த வாரம் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை ஒரு புத்தகத்தில் குருவானவர் எழுத வேண்டும், புத்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும் என்பது ஆணை. இதுதான் பங்குப் பதிவேடு. சாதாரண மனிதர்களின் பெயர் இங்கிலாந்தில் தொடர்ச்சியாக எழுதப்பட ஆரம்பித்தது இதிலிருந்துதான்.

தொடக்கத்தில் பல இடங்களில் சாதாரணத் தாளில் எழுதினார்கள். தாள் நைந்துபோயிற்று. 1598இல், பழைய பதிவுகளைத் தோல் ஏட்டில் படியெடுக்க வேண்டும், 'குறிப்பாக அரசி எலிசபெத் ஆட்சிக்கு வந்த ஆண்டிலிருந்து' என்று உத்தரவானது. அந்த 'குறிப்பாக' பெரிய சேதம் செய்தது. எலிசபெத் ஆட்சிக்கு வந்தது 1558இல். பல குருமார்கள் அதற்கு முந்திய இருபது ஆண்டுப் பதிவுகளைப் படியெடுக்காமலே விட்டுவிட்டார்கள். ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் பதிவேடும் 1558இல்தான் தொடங்குகிறது.

இன்னொரு பள்ளம் 1640களிலும் 1650களிலும். உள்நாட்டுப் போரில் பல ஊர்களில் எழுத ஆளில்லை.

தேதியும் காலை வாரிவிடும். 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு தொடங்கியது மார்ச் 25இல். ஷேக்ஸ்பியரின் இரட்டைக் குழந்தைகளின் ஞானஸ்நானம் நம் கணக்கில் 1585 பிப்ரவரி 2. பதிவேட்டின் கணக்கில் அது இன்னும் 1584. இதை அறியாமல் மரம் வரைபவர்கள் தாய் இறந்து பல மாதம் கழித்துக் குழந்தை பிறந்ததாகக் காட்டியிருப்பார்கள்.

## பதிவேட்டில் ஆன் எங்கே?

ஆன் ஹாத்வேயின் பெயரை அந்தப் பதிவேட்டில் தேடிப் பார்ப்போம்.

ஞானஸ்நானம்: இல்லை. கல்லறைத் தகட்டின்படி அவர் 1623 ஆகஸ்ட் 6 அன்று 67 வயதில் இறந்தார். அப்படியானால் பிறந்தது 1556 வாக்கில், பதிவேடு தொடங்குவதற்கு முன்.

திருமணம்: ஸ்ட்ராட்ஃபோர்ட் பதிவேட்டில் இல்லை.

பிள்ளைகளின் ஞானஸ்நானம்: இருக்கிறது. 1583 மே 26, 'வில்லியம் ஷேக்ஸ்பியரின் மகள் சூசன்னா'. இரட்டையர்களுக்கும் அதே மாதிரி. அப்பா பெயர் மட்டும். பெற்றவள் பெயரை எழுதும் வழக்கம் அங்கே இல்லை.

அடக்கம்: 1623 ஆகஸ்ட் 8, 'திருமதி ஷேக்ஸ்பியர்'. இவ்வளவுதான்.

பிறந்து, மணந்து, மூன்று பிள்ளை பெற்று, இறந்த ஒரு பெண்ணின் சொந்தப் பெயரை, அந்த ஊரின் முதன்மை ஆவணம் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. கணவரின் 1616 உயிலிலும் 'என் மனைவி' என்றுதான் வருகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மனத்தை உறுத்தும் உண்மை இதுதான். 'பெண்களைப் பற்றிய ஆவணங்கள் அழிந்துவிட்டன' என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆவணம் பத்திரமாகத்தான் இருக்கிறது. அவள் யாருக்கோ மகளாக, யாருக்கோ மனைவியாக மட்டும் அதில் எழுதப்பட்டிருக்கிறாள்.

## பிறகு எப்படித் தெரிந்தது?

மற்ற காகிதங்களால். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஆவண இணைப்பு வேலை செய்யும் விதம் இங்கேதான் துல்லியமாகத் தெரியும்.

முதல் காகிதம், 1582 நவம்பர் 28 தேதியிட்ட திருமணப் பிணைப்பத்திரம். அவசரமாக மணம் முடிக்க பிஷப்பிடம் விசேஷ அனுமதி கேட்டால், 'இதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை, இருந்தால் பணம் கட்டுகிறோம்' என்று யாராவது பொறுப்பேற்க வேண்டும். அந்த உறுதிமொழிதான் பிணைப்பத்திரம். வூஸ்டர் பிஷப்பிடம் கொடுத்த இதில் மணமகள் 'ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த கன்னிப்பெண் ஆன் ஹாத்வே'. அப்பா பெயர் இல்லை. 40 பவுண்டுக்குப் பிணை நின்றவர்கள் ஃபுல்க் சாண்டெல்ஸ், ஜான் ரிச்சர்ட்சன் என்ற இரண்டு விவசாயிகள்.

இரண்டாவது காகிதம், ஸ்ட்ராட்ஃபோர்டை ஒட்டிய ஷாட்டரி கிராமத்து விவசாயி ரிச்சர்ட் ஹாத்வே 1581 செப்டம்பரில் எழுதிய உயில். அதில் 'ஆன்' என்ற மகளே இல்லை. ஆக்னஸ் என்ற மகள் இருக்கிறாள். கல்யாணத்தன்று அவளுக்கு 10 மார்க், அதாவது 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் கொடுக்கச் சொல்கிறார் அப்பா. ஆன், ஆக்னஸ் இரண்டையும் அக்காலத்தில் ஒன்றுக்கொன்று மாற்றிப் புழங்குவார்கள். ஆனாலும் அது ஒரு சாத்தியம்தான், சான்று ஆகாது.

உயிலின் கீழ்ப்பகுதிக்கு வாருங்கள். உயிலை மேற்பார்வையிட நியமிக்கப்பட்டவர் ஃபுல்க் சாண்டெல்ஸ். சாட்சிகளில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். அப்பா இறந்த அடுத்த வருடம் மகளுக்குப் பிணை நின்ற அதே இருவர். மணமகளின் பெயரைவிட, அவளோடு வந்து நின்ற இரண்டு அண்டைவீட்டுக்காரர்களின் பெயர்தான் அவள் யார் வீட்டுப் பெண் என்று சொல்கிறது.

மூன்றாவது காகிதம் அந்த ஆட்டிடையருடையது. தாமஸ் விட்டிங்டன் என்ற இடையருக்குத் தான் கடன்பட்டிருப்பதாக ரிச்சர்ட் தன் உயிலில் எழுதியிருக்கிறார். இருபது வருடம் கழித்து, 1601இல், விட்டிங்டன் தன் உயிலில் ஸ்ட்ராட்ஃபோர்டின் ஏழைகளுக்கு 40 ஷில்லிங் விட்டுச் செல்கிறார். அந்தப் பணம் எங்கே இருக்கிறது? 'வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஷேக்ஸ்பியரின் கையில்.' பிறந்த வீட்டு இடையரின் காசு புகுந்த வீட்டு ஆனிடம் இருக்கிறது. ஆனின் பேத்தி எலிசபெத்தும் 1670இல் தன் உயிலில் ஹாத்வே உறவுப் பெண்களுக்குப் பணம் எழுதிவைத்தார்.

இவற்றில் எதுவும் தனியாகப் போதாது. எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுவதால் ஆன் ரிச்சர்டின் மகள் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள். கோடு ஒன்றுதான், அதற்கு வேண்டியிருந்த காகிதங்கள் இத்தனை.

## பெயரை மட்டும் நம்பினால்

இதே ஆன் ஹாத்வேயை வைத்தே இரண்டு குழிகளைக் காட்டலாம்.

ஸ்ட்ராட்ஃபோர்ட் பதிவேட்டில் 1579 ஜனவரி 17 என்று தேதியிட்ட திருமணப் பதிவு ஒன்று: வில்லியம் வில்சனுக்கும் 'ஷாட்டரியைச் சேர்ந்த ஆன் ஹாத்வே'க்கும் கல்யாணம். அதே ஊர், அதே பெயர், மாப்பிள்ளை பெயர்கூட வில்லியம். ரிச்சர்டின் மகள் 1581இல் இன்னும் மணமாகாதவள் என்று உயில் சொல்வதால் இது வேறு ஆன். உயில் தொலைந்திருந்தால் எத்தனை மரங்கள் இந்தப் பெண்ணின் மேல் ஏறியிருக்குமோ.

மற்றது எழுத்தரின் பிழை. பிணைப்பத்திரத்துக்கு முந்திய நாள் பிஷப்பின் பதிவேட்டில் எழுதிய குறிப்பில் மணமகள் பெயர் 'டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வேட்லி' என்று இருக்கிறது. இதை வைத்து, ஷேக்ஸ்பியர் காதலித்துக் கைவிட்ட இன்னொரு பெண் இருந்தாள் என்று கதைகளே எழுதிவிட்டார்கள். அதே நாளில் அதே அலுவலகத்தில் வேட்லி என்ற பெயருள்ள ஒரு குருவானவரின் வழக்கும் பதிவாகியிருக்கிறது. முந்தைய வேலையின் பெயர் எழுத்தரின் கையில் ஒட்டிக்கொண்டது என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வேட்லி என்ற பெண் இருந்தாள் என்பதற்கு இந்த ஒரு வரியைத் தவிர வேறு தடயம் இல்லை.

## மேலே ஏறும்போது

ரிச்சர்டுக்கு மேலே ஜான் ஹாத்வே என்று ஒருவர் வருகிறார். 1536இல், போருக்கு ஆள் எடுக்கத் தயாரித்த பட்டியலில் வில்லாளியாக இருக்கிறார். ஷாட்டரியில் நிலம் வைத்திருந்தார். இவர்தான் ரிச்சர்டின் அப்பா என்பது நிலம் கைமாறிய வரிசையையும் ஊரையும் வைத்துச் செய்யும் ஊகம். நல்ல ஊகம்தான். ஆனால் முன்பு நாம் பார்த்த பிணைப்பத்திர இணைப்பின் பலம் இதற்கு இல்லை. பதிவேட்டில் இந்தக் குடும்பம் 'ஹாத்வே என்கிற கார்டனர்' என்றும் எழுதப்படுவதால், கார்டனர் என்ற பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும்.

கவனித்தீர்களா? ஏறுவது அத்தனையும் ஆண் வழியில். நிலம் ஆண்களின் பெயரில் இருந்தது, வரிப் பட்டியலில் குடும்பத் தலைவர் பெயர் இருந்தது, படைப் பட்டியலில் ஆண்கள் இருந்தார்கள். மணமான பெண்ணின் சட்ட உரிமை கணவனின் உரிமைக்குள் அடங்கிவிடும் என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். அவள் பேரில் தனிச் சொத்து கிடையாது. கணவனின் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது. உயில் இல்லாவிட்டால் 'என் மகள் இன்னாள்' என்று அவள் வாயால் சொன்ன காகிதமும் இல்லை. விதவைகளும் மணமாகாத பெண்களும் எழுதிய உயில்கள் இதனாலேயே தேடுபவர்களுக்குப் பொக்கிஷம்: சட்டியும் போர்வையும் யார் யாருக்கு என்று பங்கிடும் சாக்கில் மகள்கள், பேத்திகள், அக்கா பெண்கள் எல்லாரையும் பெயர் சொல்லிப் போயிருப்பார்கள்.

ரிச்சர்டின் உயிலில் மனைவி ஜோன் பெயர் வருகிறது. அவர் இரண்டாம் தாரம், ஆன் மூத்த தாரத்துப் பெண் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மூத்த தாரம் சொத்தோடு இறக்கவில்லை, உயிலும் இல்லை, பதிவேடு தொடங்கும் முன்பே மணமானவர். மூன்று கதவும் மூடிவிட்டன.

சுருக்கமாக: அப்பா வழி மங்கலாகவாவது தொடரும். அம்மா வழி ஒவ்வொரு கல்யாணத்திலும் அறுந்துபோகும், ஒவ்வொரு முறையும் புதிதாக முடிச்சுப் போட வேண்டும்.

## இன்னும் ஏழைப் பெண்கள்

ஆன் வசதியான விவசாயி வீட்டுப் பெண். அவரைவிட ஏழையானவர்களைப் பற்றி ஒன்றுமே கிடைக்காது என்று நினைக்கத் தோன்றும். சில சமயம் நேர்மாறாக நடக்கும்.

1662 சட்டத்தின்படி, வேறு ஊரிலிருந்து வந்தவர் பிச்சைக்காரராகிவிடுவார் என்று தோன்றினால் அவரைச் சொந்தப் பங்குக்கே திருப்பி அனுப்பலாம். சொந்தப் பங்கு எது? அதைத் தீர்மானிக்க நீதிபதிகள் அவரை உட்காரவைத்து விசாரித்தார்கள்: எங்கே பிறந்தாய், யார் வீட்டில் வேலை செய்தாய், எவ்வளவு காலம், யாரை மணந்தாய். அந்த வாக்குமூலம் ஒரு பெண்ணின் பாதி வாழ்க்கைக் கதை. திருமணமாகாமல் கர்ப்பமான பெண்களை, குழந்தையின் செலவு ஊர் தலையில் விழாதிருக்க, தகப்பன் யார் என்று விசாரித்தார்கள். பிரசவ வலியின்போதே மருத்துவச்சி கேட்டதும் உண்டு. கொடுமையான விசாரணை. அதில் எழுதப்பட்டதுதான் இன்று அவளுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரே தடயம்.

திருச்சபை நீதிமன்றங்களில் சாட்சி சொன்ன பெண்களும் பெயர், வயது, பிறந்த ஊர், இந்த ஊரில் எத்தனை வருடம் என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். ஊர் விட்டு ஊர் போன பெண்ணைப் பிறந்த ஊரோடு இணைக்க இதைவிட நல்ல காகிதம் அரிது.

## டி.என்.ஏ. பார்த்துவிட்டால்?

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. என்பது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வருவது. மகள் அதைத் தன் மகளுக்குக் கடத்துவாள். ஆகவே தாய்வழியைத் தொடர இது பொருத்தமான கருவி போலத் தோன்றும். 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் கீழே கிடைத்த எலும்புக்கூடு மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்று நிறுவ இது உதவியது. அவருடைய அக்கா ஆனின் பெண்வழி வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள், டி.என்.ஏ. ஒத்துப்போயிற்று.

ஆனால் அந்த வாரிசுகளை முதலில் கண்டுபிடித்துக் கொடுத்தது காகிதம்தான். அரச குடும்பத்துப் பெண் என்பதால் தாயிலிருந்து மகளுக்கு அத்தனை தலைமுறையும் எழுதிவைக்கப்பட்டிருந்தது. டி.என்.ஏ. உறவை மறுக்கும் அல்லது ஆதரிக்கும், பெயர் சொல்லாது. மேலும், 14 தலைமுறை பின்னே போனால் ஒருவருக்கு 16,384 மூதாதையர் இடங்கள். மைட்டோகாண்ட்ரியா காட்டுவது அவற்றில் ஒன்றே ஒன்றை. ஆன் ஹாத்வே விஷயத்தில் அதுவும் இயலாது. பேத்தி எலிசபெத் 1670இல் பிள்ளையில்லாமல் இறந்ததோடு அவருடைய நேர் வாரிசு முடிந்துவிட்டது. 'நாங்கள் ஷேக்ஸ்பியரின் நேர் வம்சம்' என்று எந்த மரம் சொன்னாலும் மேலே பார்க்க வேண்டியதில்லை.

## கையில் ஒரு மரம் கிடைத்தால்

இங்கிலாந்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள் இருந்தன. கேம்பிரிட்ஜின் மக்கள்தொகை வரலாற்றுக் குழு பதிவேடுகளிலிருந்து குடும்பங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டி ஆராய்ந்தபோது, அந்த வேலைக்குத் தரமானவை என்று எடுத்துக்கொண்டது 26 பங்குகளை. பயிற்சி பெற்றவர்களுக்கே நிலைமை இது.

எனவே மரத்தைக் கீழிருந்து படியுங்கள். ஒவ்வொரு பெண்ணின் கல்யாணத்திலும் நின்று, மணமான இவளும் பிறந்த அவளும் ஒருவர்தான் என்று எந்தக் காகிதம் சொல்கிறது என்று கேளுங்கள். 'வயது ஒத்துப்போகிறது, பக்கத்து ஊர்' என்பது தேடலைத் தொடங்கப் போதும், முடிக்கப் போதாது. அந்தப் பங்கில் அதே பெயரில் இன்னொரு பெண் ஞானஸ்நானம் பெற்றாளா, மரத்தில் காட்டியிருப்பவள் குழந்தையாகவே இறந்துபோனாளா என்று அடக்கப் பதிவுகளையும் பாருங்கள். இந்த ஒரு சோதனையிலேயே பல மரங்கள் விழுந்துவிடும்.

விவசாயியின் மகள் திடீரென்று ஒரு பிரபு வீட்டுக்குள் நுழையும் கணு எங்காவது இருக்கும். 1530 முதல் 1688 வரை அரசவைக் குலமரபு அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய்க் குலச் சின்னம் வைத்துக்கொள்ள உரிமையுள்ள குடும்பங்களின் வம்சாவளியை எழுதி எடுத்தார்கள். மேல்தட்டுக் குடும்பங்கள் தாங்களே சொன்ன விவரம் அதில் நிறைய. மரம் வரைபவர்கள் சாதாரணப் பெண்ணை அந்தப் பட்டியலில் பெயர் ஒத்த ஒருத்தியோடு ஒட்டிவிட்டால், அங்கிருந்து அரசர் வரை பாதை தயாராக இருக்கும். ஆதாரம் என்று அந்தக் கணுவில் கொடுத்திருக்கும் இணைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அது இன்னொருவர் வரைந்த மரத்துக்குத்தான் போகும்.